வலிக்கவில்லை என்பது நல்ல செய்தியா?

சென்ற ரமளானுக்குச் சில நாட்களுக்கு முன்பு தக்கலைப் பக்கம் உள்ள என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஜும்ஆ முடிந்து வந்த மாமா திண்ணையில் உட்கார்ந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. "வாப்பா, ஒரு செருப்பை எங்கே?" என்று மகள் கேட்ட பிறகுதான் அவரே குனிந்து பார்த்தார். வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. அது தெரியாமலே வெயிலில் சுடும் தார்ச்சாலையில் வீடு வரை நடந்து வந்திருக்கிறார்.

காலைத் தூக்கிப் பார்த்தோம். பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். அன்று வந்த புண் அல்ல, பல நாட்கள் ஆன புண். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "வலிச்சிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேனா மக்களே? எனக்கு வலியே இல்லையே" என்றார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது.

வலி இல்லை என்றால் நோய் இல்லை என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். இந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிய, நம் உடலில் உணர்வு என்பது எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோலிலிருந்து மூளை வரை

நம் மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. இந்த மூளை மண்டையோட்டுக்குள் இருட்டில் இருக்கிறது. வெளியுலகை அது நேராகப் பார்ப்பதில்லை, தொடுவதில்லை. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகியவை அனுப்பும் செய்திகளை வைத்துத்தான் வெளியே என்ன நடக்கிறது என்று அறிகிறது.

மூளையிலிருந்து நேரடியாக 12 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. பார்வை, கேள்வி, வாசனை, சுவை, முகத்தின் உணர்வு எல்லாம் இவற்றின் வழியாகச் செல்பவை. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்திலிருந்து இன்னும் 31 ஜோடி நரம்புகள் கிளம்பி, கழுத்துக்குக் கீழே உள்ள உடல் முழுவதும் பரவுகின்றன. கால் விரலில் என்ன நடந்தாலும் அந்தச் செய்தி இடுப்புக்கு வந்து, தண்டுவடத்தில் ஏறி, மூளைக்குப் போக வேண்டும். இடுப்பிலிருந்து பாதம் வரை செல்லும் நரம்பிழைகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் கொண்டவை. இந்த நீளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் கதைக்கு அதுதான் திறவுகோல்.

தோலுக்கு அடியில் ஒவ்வொரு உணர்வுக்கும் தனித்தனி நரம்பு முனைகள் இருக்கின்றன. மெல்லிய தொடுதல், அழுத்தம், சூடு, குளிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில். வத்தல் அரைத்த கை ஏன் தீயில் வைத்தது போல எரிகிறது? மிளகாயில் உள்ள காரப்பொருள், சூட்டை அறியும் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் திறக்க வேண்டிய வாயில் அது. மிளகாய் பட்டுத் திறந்தாலும் மூளைக்குப் போகும் செய்தி "சுடுகிறது" என்பதுதான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கும், தொடுதலை அறியும் வாயிலைக் கண்டறிந்த, பெய்ரூத்தில் பிறந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பட்டபூட்டியன் கண்ட வாயில் இன்னொரு வேலையும் செய்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நம் கால் எங்கே இருக்கிறது, முட்டி மடங்கியிருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? அந்த அறிவும் இதன் வழியாகத்தான் வருகிறது. ஃபஜ்ருக்கு எழுந்து இருட்டில் நடக்கும்போது விழாமல் நம்மைக் காப்பது அதுதான். ஐம்புலன் என்று நாம் எண்ணுவதில் இது சேராது. இது இல்லாவிட்டால் நிற்கக்கூட முடியாது.

வலியின் இரண்டு வேகங்கள்

கால் விரல் வாசற்படியில் இடித்தால் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். இடித்தது உடனே தெரியும். அடுத்த கணம் ஊசி போன்ற ஒரு வலி. ஒரு நொடி கழித்து, பொறுக்க முடியாத மந்தமான வலி வந்து தங்கிவிடும். தொடுதலைச் சுமக்கும் நரம்பிழைகள் மிக வேகமாகச் செய்தியைக் கொண்டு செல்கின்றன. கூர்மையான வலியைச் சுமப்பவை அதைவிட மெதுவானவை. மந்தமான வலியின் இழைகள் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் நகர்கின்றன. அதனால்தான் அந்தத் தாமதம்.

சூடான தோசைக்கல்லில் கை பட்டால் மூளையின் உத்தரவுக்குக்கூட உடல் காத்திருப்பதில்லை. தண்டுவடமே கையை இழுத்துவிடுகிறது. "சுட்டுவிட்டதே" என்று நாம் உணர்வதற்குள் கை விலகிவிடுகிறது.

இடித்த இடத்தை உடனே தேய்க்கிறோம். குழந்தை விழுந்தால் உம்மா தடவிக் கொடுக்கிறாள், அழுகை குறைகிறது. இது வெறும் ஆறுதல் அல்ல. தொடுதலின் செய்தி தண்டுவடத்தை எட்டும்போது, வலியின் செய்தி மேலே செல்லும் வாசல் ஓரளவு அடைபடுகிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் விளக்கினார்கள்.

வலியைக் கூர்ந்து கவனிப்பது மருத்துவத்தில் பழைய கலை. 1037-இல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' நூலில் வலியை 15 வகையாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர், "குத்துகிறதா, எரிகிறதா, கனக்கிறதா?" என்றுதான் நம்மிடம் கேட்கிறார். வலியின் தன்மையே நோய் இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளம்.

இல்லாத கையில் வலி

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், விபத்திலோ நோயிலோ கை இழந்தவர்களை 1990-களில் ஆராய்ந்தார். அவர்களில் பலருக்கு இல்லாத கை இருப்பது போலவே தெரிந்தது. சிலருக்கு அந்த இல்லாத கையில் கடும் வலியும் இருந்தது. ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, கன்னத்தில் மட்டுமல்லாமல் இல்லாத கையின் விரல்களிலும் தொடுவது போல இருக்கிறது என்று அவர் சொன்னார்.

காரணம் மூளையில் இருக்கிறது. உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லத் தூண்டிப் பார்த்து இந்த வரைபடத்தைத் தயாரித்தார். அதில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கையிலிருந்து செய்தி வருவது நின்ற பிறகு, பக்கத்து இடத்தின் செய்தி அந்த வெற்றிடத்துக்குள் பரவிவிடுகிறது. ராமச்சந்திரன் ஓர் அட்டைப் பெட்டியில் கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இறுகிப்போயிருந்த இல்லாத கை தளர்வது போல உணர்ந்து, சிலருக்கு வலி குறைந்தது.

கை இல்லாமலே வலி இருக்க முடியும் என்றால், வலியை உருவாக்குவது மூளைதான் என்று தெரிகிறது. அப்படியானால் இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். கால் இருக்கும், அதில் புண்ணும் இருக்கும், செய்தி கொண்டு செல்லும் நரம்பு பழுதாகியிருக்கும். மூளையைப் பொறுத்தவரை அந்தப் புண்ணே கிடையாது. மாமாவுக்கு நடந்தது இதுதான்.

வலியே தெரியாத பிள்ளைகள்

"வலி என்ற ஒன்றே இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்று பல் வலியில் துடித்த எல்லோரும் ஒருமுறையாவது நினைத்திருப்போம். பாகிஸ்தானின் வடபகுதியில் சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். வலிச் செய்தியைத் தூண்டும் ஒரு மரபணு அவர்களிடம் வேலை செய்யவில்லை என்று 2006-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். தொடுதல் தெரியும், சூடு குளிர் தெரியும், வலி மட்டும் தெரியாது. நாக்கையும் உதட்டையும் தாங்களே கடித்துக் காயப்படுத்தியிருந்தார்கள். எலும்பு முறிந்ததுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சிக்குக் காரணமான சிறுவன் தெருவில் கத்தியைக் கையில் குத்திக்கொண்டும் தணலில் நடந்தும் வேடிக்கை காட்டியவன். பதினான்கு வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான்.

வேலூர் கண்டுபிடித்த உண்மை

வலி ஒரு காவலாளி என்பதை உலக மருத்துவத்துக்கு உணர்த்தியதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன, குறைந்துபோன கைகளை அங்கே கண்டார். தொழுநோயில் சதை தானாகவே அழுகி விழுகிறது என்றுதான் அன்று மருத்துவர்களே நம்பினார்கள்.

பிராண்ட் ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முயன்றார். முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், தொழுநோயாளி, சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். இந்தப் பையனுக்கு இத்தனை பலமா என்று வியந்த மருத்துவர், தரையில் ரத்தத்தைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நமக்கு எந்த இடத்தில் வலி "போதும், நிறுத்து" என்கிறதோ, அந்த இடத்தில் அவனை நிறுத்த யாரும் இல்லை.

இரவில் நல்ல கையோடு படுத்த சிலர் காலையில் விரலின் ஒரு பகுதியை இழந்து எழுந்தார்கள். இரவு முழுவதும் காவல் இருந்து பார்த்தபோது, எலிகள் கடிப்பது தெரிந்தது. கடிபட்டவர் தூக்கம் கலையவே இல்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

பல ஆண்டுகள் கவனித்த பிறகு பிராண்ட் முடிவுக்கு வந்தார். தொழுநோய்க் கிருமி செய்வது நரம்பைக் கெடுப்பது. அதற்குப் பிறகு விரல்களைத் தின்பது சூடான பாத்திரம், கூரான கல், இறுக்கமான செருப்பு, கவனிக்கப்படாத புண் ஆகியவைதான். காயம் படாமல் காத்தால் விரல்களைக் காப்பாற்றலாம். வேலூரிலும் அதன் அருகே கரிகிரியிலும் மென்மையான அடியுள்ள செருப்புகள் தயாரிக்கப்பட்டன. தினமும் கையையும் காலையும் சோதிக்க நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது.

பின்னர் அமெரிக்கா சென்ற பிராண்ட், செயற்கையாக வலியை உண்டாக்கும் கையுறையும் செருப்பும் செய்ய முயன்றார். அழுத்தம் அதிகமானால் ஓசை எழும், விளக்கு எரியும், கடைசியில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும். முயற்சி தோற்றது. வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் நோயாளிகளே கருவியை நிறுத்திவிட்டார்கள். நாம் நினைத்தால் நிறுத்த முடியாதது என்பதால்தான் உண்மையான வலி நம்மைக் காக்கிறது. அல்லாஹ் நமக்குள் வைத்த காவலாளியை யாராலும் செய்து தர முடியவில்லை.

சர்க்கரையும் பாதமும்

இன்று தொழுநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கூட்டு மருந்து கிடைக்கிறது. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் உடனே காட்டினால் போதும், முற்றிலும் குணமாகும். ஆனால் பிராண்ட் கண்ட அதே உணர்வற்ற பாதம் இன்று வேறு வழியாக நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நீண்ட காலம் இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நரம்புப் பாதிப்பு வரக்கூடும்.

இரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து அதிகமாக இருந்தால் நரம்பிழைகளும், அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. மிக நீளமான இழைகள்தான் முதலில் அடிபடும். அதனால் இரண்டு கால்களின் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டது போல மேலே ஏறுகிறது. வியர்வை சுரக்கச் செய்யும் நரம்பும் கெடுவதால் பாதம் காய்ந்து குதிகால் வெடிக்கிறது. இரத்த ஓட்டமும் குறைவதால் வந்த புண் ஆறுவதில்லை.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் இரவில் பாதம் எரியும், ஊசி குத்துவது போல இருக்கும், மதமதப்பாக இருக்கும். சில ஆண்டுகள் கழித்து இந்த எரிச்சல் தானாகவே நின்றுவிடுவது உண்டு. "நாட்டு மருந்து கேட்டுவிட்டது, குணமாகிவிட்டது" என்று மகிழ்வோம். எரிச்சல் நின்றது நரம்பு குணமானதால் அல்ல, செய்தி சொல்லவே முடியாத நிலைக்கு அது போனதால் இருக்கலாம். எரிச்சல் நின்ற கால்தான் கூடுதல் கவனம் வேண்டிய கால்.

வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பிய நம் வாப்பாமார், மரச்சீனிக் கிழங்கையும் இனிப்புத் தேயிலையையும் விட முடியாத நம் பெரியவர்கள், தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஈரக்காலோடு நடக்கும் தோட்டத் தொழிலாளர்கள், கடற்கரை உழைப்பாளிகள் எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து வேளை ஒரு வாய்ப்பு

காலைத் தினமும் பாருங்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தொழுகையாளிகளான நாம் ஒரு நாளைக்கு ஐந்து முறை காலைக் கழுவுகிறோம். கழுவும்போது பார்க்கவும் செய்தால் போதும்.

ஒளூ செய்து முடித்ததும் விரல் இடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் இடுக்கில் புண் வரும். ஒரு வேளையாவது நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பார்வை குறைந்தவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும். குதிகாலில் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் தடவக் கூடாது. நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்ட வேண்டும். ஆணிக்காலை பிளேடால் செதுக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே வேண்டாம். குளிக்கும் வெந்நீரின் சூட்டையும் வீட்டில் வேறொருவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். அணியும் முன் உதறிப் பாருங்கள், உள்ளே ஒரு சிறு கல் கிடந்தாலும் மாமாவுக்குத் தெரியாது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கென்று எம்.சி.ஆர். செருப்பு கிடைக்கிறது. ஹஜ், உம்ரா செல்பவர்கள் செருப்பை ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியை விட்டு வெளியே வந்து செருப்பைக் காணாமல், சுடும் தரையில் நடந்து பாதம் வெந்த ஹாஜிகள் உண்டு.

ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் பாதப் பரிசோதனை கேளுங்கள். மெல்லிய நைலான் இழையை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் வரை பாதத்தில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியும் இல்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து நரம்பு மேலும் பாதிக்கலாம். அதையும் மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புண் கண்டால் அன்றே செல்லுங்கள். வலிக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம், அந்த வலி வரப்போவதில்லை. கட்டுப் போட்ட காலுக்கு ஒளூவில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாமாவின் பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. காலைக் காப்பாற்ற முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். "இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் பாதமே போயிருக்கும்" என்றார் மருத்துவர். இப்போது இஷாவுக்குப் பிறகு மகள் டார்ச் விளக்கோடு வாப்பாவின் பாதத்தைப் பார்க்கிறாள். முதலில் கூச்சப்பட்டார். இப்போது அவரே காலை நீட்டிக் கொடுக்கிறார்.

ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுவதும் உறக்கமின்றிக் காய்ச்சலில் வாடும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைநம்பிக்கையாளர்களை ஓர் உடலுக்கு ஒப்பிட்டதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். நரம்பு செத்த பாதத்தின் நோவு அந்த உடலுக்கே தெரிவதில்லை. அந்தச் செய்தியை வேறொருவர்தான் சொல்ல வேண்டும். இன்று இரவு உங்கள் வாப்பாவின், உம்மாவின் பாதத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.